அக்குள் அளவும் ஜமக்காளமும்

1. மெஷின் வந்த நாள்

எங்கள் கடைக்கு அந்த ஃபிட்டிங் மெஷின் வந்த அன்று நான் ஓனரோடு சண்டை போட்டேன்.

"சார், சீட் வலிக்குதா இல்லையான்னு சொல்ல கம்ப்யூட்டர் எதுக்கு? உக்காந்தவனுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"குமார், ஸ்வல்ப சும்மா இரு மாராயா. பாத்துட்டு அப்புறம் பேசு" என்றார் ஓனர், பாதி கன்னடத்தில். கொஞ்சம் சும்மா இருப்பா என்று அர்த்தம்.

சும்மா இருப்பது என் ஜாதகத்திலேயே கிடையாது. பழைய மெட்ராஸ் ரோடு பக்கம் இருக்கிற அந்த சைக்கிள் கடையில் நான் ஹெட் மெக்கானிக். வீடு மர்பி டவுன். முப்பது வருடமாக ஸ்பானர் பிடித்த கை. வீல் சுற்றுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். எனக்கு ஒரு பெட்டி நிறைய ஒயரைக் கொண்டுவந்து பாடம் எடுப்பதா என்று கோபம்.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சைக்கிளை ஒரு ஸ்டாண்டில் நிற்க வைத்து, சீட்டின் மேல் மெல்லிய ஷீட் ஒன்றைப் போர்த்துவார்கள். ஷீட் முழுக்க சென்சார். கஸ்டமர் அதன் மேல் உட்கார்ந்து பெடல் பண்ணினால், உடம்பு எந்த இடத்தில் எவ்வளவு அழுத்துகிறது என்று ஸ்கிரீனில் கலர் கலராகத் தெரியும். அதிகம் அழுத்தினால் சிவப்பு, குறைந்தால் நீலம். நான் அந்த ஷீட்டுக்கு 'ஜமக்காளம்' என்று பெயர் வைத்தேன். கடையில் எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மெஷினோடு அஸ்வினியும் வந்தார். பிசியோதெரபி படித்துவிட்டு சைக்கிள் ஃபிட்டிங் கற்றுக்கொண்டவர். வீட்டில் கன்னடம், அல்சூரில் வளர்ந்ததால் தமிழும் வரும். நான் 'ஜமக்காளம் மேடம்' என்று கிண்டல் பண்ணினாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

2. மூன்று சீட்டும் ஒரே வலியும்

ரெஜினா மிஸ் ஜோகுபாளையத்தில் இருக்கிற டீச்சர். நாற்பத்தைந்து வயதிருக்கும். சைக்கிள் வாங்கியது எங்கள் கடையில், ஃபிட் பண்ணிக் கொடுத்தது நான். சர்ச்சில் சிலர் சேர்ந்து ஒவ்வொரு வருடமும் கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணி வரைக்கும் சைக்கிளில் போவார்கள். நாலு நாள் பயணம். போன வருடம் மிஸ்ஸும் கிளம்பினார். கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் உட்கார முடியாமல் போய், சைக்கிளை லக்கேஜ் வேனில் ஏற்றி, தானும் அதில் ஏறி, மூட்டைகளுக்கு நடுவே வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு என்னிடம் மூன்று சீட் மாற்றிவிட்டார். முதலில் ஜெல் சீட். அடுத்து அதைவிட மெத்தென்று ஒன்று. அப்புறம் மூக்கு, அதாவது முன்நுனி, குட்டையான ஒன்று.

ஒவ்வொரு தடவையும் நான், "எப்படி மிஸ் இருக்கு?" என்று கேட்பேன்.

"பரவால்லண்ணா, ஆனா கொஞ்சம்..." என்று இழுப்பார். அதற்கு மேல் பேச மாட்டார். எங்கே வலிக்கிறது என்று ஒரு ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வார்? நானும் கேட்க மாட்டேன். "பழகினா சரியாயிடும் மிஸ்" என்று அனுப்பிவிடுவேன். அவர் போன பிறகு, "டீச்சருக்கு சோபாவையே கட்டிக் கொடுத்தாலும் குத்தும்" என்று கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

இந்த வருடக் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் இருந்தபோது மிஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடைக்கு வந்தார். ஏறி ஓட்டி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார்.

"புண்ணாயிடுச்சுண்ணா. டாக்டர் ஓட்டவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஆறினப்புறம் இன்னும் ஒரே ஒரு தடவை பாக்கறேன். இந்த வாட்டியும் வேன்ல ஏறுற மாதிரி இருந்தா, இந்த சைக்கிளை யாருக்காவது குடுத்துடுங்க. என் கண்ணுல படக்கூடாது."

மாதாவுக்கு நேர்ச்சை வேறு வைத்திருந்தார், சைக்கிளில்தான் வருவேன் என்று. அடுத்து எந்த சீட்டைக் கொடுப்பது என்று எனக்குத் தோன்றவில்லை. நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது அஸ்வினி, "மிஸ், ஆறின உடனே வாங்க. நான் பாக்கறேன்" என்றார்.

3. சிவப்பு

புண் ஆறி மிஸ் வந்த சனிக்கிழமை காலை, வேடிக்கை பார்க்கத்தான் நான் ஃபிட்டிங் ரூமுக்குப் போனேன். ஜமக்காளம் தோற்க வேண்டும் என்று மனதுக்குள் ஆசை. ஒளிப்பானேன்?

எங்கே வலிக்கிறது என்று அஸ்வினி கேட்கவே இல்லை. "மிஸ், நீங்க எதுவும் சொல்ல வேணாம். ஸ்வல்ப நேரம் பெடல் பண்ணுங்க, போதும்" என்றார்.

மிஸ் ஏறி உட்கார்ந்து மிதித்தார். ஸ்கிரீனில் சீட் படம் வந்தது. உட்காரும்போது இடுப்பெலும்பு அழுந்த வேண்டிய பின்பக்கம் வெறும் வெளிர் நீலம். முன்னால் மூக்குப் பக்கம் ரத்தச் சிவப்பு. அது மட்டுமில்லை, வலது கால் இறங்கும்போது சிவப்பு வலப்பக்கம் ஓடியது, இடது கால் இறங்கும்போது இடப்பக்கம் ஓடியது.

மிஸ் மிதிப்பதை நிறுத்திவிட்டு ஸ்கிரீனையே பார்த்தார். "இங்கதான்..." என்று மெதுவாக விரலை நீட்டினார். "சரியா இங்கதான்."

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரு வருடமாக வாயில் வராத வார்த்தையை அந்த ஷீட் அவருக்காகச் சொல்லிவிட்டது. அவர் வெட்கப்படவும் இல்லை. படத்தைத்தானே காட்டினார்.

அஸ்வினி எலும்புக்கு எலும்பு இடைவெளியை அளந்து, கடையில் இருந்ததிலேயே அகலமான சீட் ஒன்றை எடுத்தார். கட்டை மாதிரி இருக்கிறது என்று நான் யாருக்கும் காட்டாத சீட் அது. போட்டுப் பார்த்தால் சிவப்பு கொஞ்சம் குறைந்தது, ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. இன்னொரு சீட் மாற்றினார். அப்போதும் அதே ஓட்டம். நான் மெல்ல, "நான்தான் சொன்னேனே" என்று ஆரம்பித்தேன்.

அஸ்வினி என்னைப் பார்க்கவில்லை. மிஸ்ஸின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சீட் பிரச்சினை பாதிதான். ஹைட் ஜாஸ்தி. கால் எட்டலை, அதான் இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுது. ஆடி ஆடி முன்னால வழுக்கி வராங்க. இந்த ஹைட் யார் வெச்சது மிஸ்?"

மிஸ்ஸுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம அண்ணாதான்! சிவப்பு டேப் ஒட்டிக் குடுத்திருக்காரு பாருங்க. யார் சொன்னாலும் மாத்தாதீங்கன்னாரு. எங்க குரூப்ல ஒருத்தர் கொஞ்சம் இறக்கிப் பாரேன்னு சொன்னப்பகூட, குமாரண்ணா வெச்ச அளவு, தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. பெடல் கட்டை சுற்றுகிற நடு அச்சில் விரல் நுனியை வைத்துக் கையை நீட்டினால், அக்குளில் சீட் வந்து முட்ட வேண்டும். டேப் வேண்டாம், ஸ்கேல் வேண்டாம். நான் தொழிலுக்கு வந்த நாள் முதல் எல்லோருக்கும் இந்த அக்குள் அளவுதான். மிஸ்ஸுக்கும் அப்படித்தான் வைத்தேன். கிளாஸ் போர்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு எட்டுகிற கை அவருக்கு. கால் அவ்வளவு நீளமில்லை. கையை அளந்து காலுக்குச் சீட் வைத்திருக்கிறேன்! மூன்று சீட் மாற்றியபோதும் அந்த டேப்பைப் பார்த்துப் பார்த்து அதே உயரத்தில் நானே மாட்டியிருக்கிறேன்.

ரூமில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேர்த்துவிட்டது.

அஸ்வினி நினைத்திருந்தால் அங்கேயே என் மானத்தை வாங்கியிருக்கலாம். நான் பண்ணின கிண்டலுக்கு வாங்கியிருக்கவும் வேண்டும். அவர் சீட் போல்ட்டைத் திருகுகிற ஆலன் கீயை என் கையில் கொடுத்து, "நீங்களே இறக்குங்கண்ணா. உங்க கைதான் நம்பிக்கை அவங்களுக்கு" என்றார்.

டேப்பைக் கிழித்துப் போட்டேன். ஒன்றரை விரல் அகலம் இறக்கினேன். அகலமான சீட்டை மறுபடி மாட்டினேன். மிஸ் ஏறி மிதித்தார்.

அடடா! இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. சிவப்பு அப்படியே கரைந்தது. மூக்குப் பக்கம் நீலமாயிற்று. பின்னால் இரண்டு பக்கமும் சமமாக இரண்டு பச்சை வட்டம் வந்து உட்கார்ந்தது. கால் எப்படிச் சுற்றினாலும் அந்த வட்டங்கள் இடத்தைவிட்டு அசையவில்லை.

"ஈக ஹேகிதே? இப்ப எப்படி இருக்கு மிஸ்?" என்று அஸ்வினி கேட்டார்.

மிஸ் மிதித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"என் உடம்புதான் சரியில்லன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "குண்டா இருக்கேன், வயசாயிடுச்சு, இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு. ஒரு வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."

"உங்க உடம்புல ஒண்ணும் இல்ல மிஸ். தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க" என்றேன். முப்பது வருடத்தில் ஒரு கஸ்டமரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

4. கற்றது

அதற்குப் பிறகு நான் அக்குள் அளவு வைக்கவில்லை. வலிக்கிறது என்று சொல்லி என்னிடம் சீட் மாற்றிக்கொண்டு போனவர்களை யோசித்து யோசித்து ஒரு நோட்டில் எழுதினேன். போன் நம்பர் கிடைத்தவர்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டேன். சிலர் சைக்கிளையே விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அதைக் கேட்டபோது மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

இந்த லைனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கஸ்டமர் வலிக்கிறது என்றால் வலிக்கிறது. அவரால் சொல்ல முடியாத இடத்தை மெஷினைச் சொல்ல விடுங்கள். அது உங்கள் அளவு தப்பு என்று சொன்னால் ரோஷப்படாமல் ஸ்பானரை எடுங்கள். அஸ்வினி மாதிரி ஒருத்தர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது, தப்பு பண்ணினவன் கையிலேயே சாவியைக் கொடுப்பார்.

கொடியேற்றத்தன்று மிஸ் கடைக்குப் போன் பண்ணினார். நான்தான் எடுத்தேன். திருவண்ணாமலைக்கு முன்னால் நனைந்த மழை, சிதம்பரம் பக்கம் முகத்தில் அறைந்த எதிர்காற்று, வழியில் யாரோ வீட்டில் கொடுத்த மோர், வேன் டிரைவர் ஏறச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சீட் எப்படி மிஸ் இருந்துச்சு?" என்றேன்.



"சீட்டா? ஐயோ அண்ணா, அந்த ஞாபகமே வரலியே!"

நான் போனைக் கொண்டுபோய் அஸ்வினியிடம் கொடுத்தேன்.