ஆடாமல் நின்ற நோர்ட்டன்

வெள்ளவத்தையில் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடிவிடலாம், காருக்கு நிறுத்த இடம் தேட முடியாது. ஒவ்வொரு மாடிவீட்டுத் தொகுதிக்கும் அடியில், தூண்களுக்கு நடுவே, வீட்டுக்கு ஒரு சதுரம் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அந்தச் சதுரத்துக்காகக் கூடப்பிறந்தவர்களே முகம் பார்க்காமல் போன கதைகள் உண்டு. அப்படியொரு பொன்னான சதுரத்தில் சிவானந்தன் இருபது வருடமாக ஒரு பழைய நோர்ட்டன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்திருந்தார். அதை ஓட்டினார் என்று சொன்னால் பொய். அதிகபட்சம் சந்தைக்குப் போய் முருங்கைக்காய் வாங்கி வந்திருப்பார்.

சிவானந்தன் காப்புறுதிக் கம்பனியொன்றில் வாகன மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மோதி நசுங்கிய வண்டிகளைப் போய்ப் பார்த்து, பிழை யார் பக்கம் என்று எழுதுவதுதான் அவருக்குச் சம்பளம் தந்த வேலை. காலமெல்லாம் அடுத்தவர் பிழையை எழுதிய மனிதருக்குத் தன் பிழை என்று ஒன்று இருக்கலாம் என்பது தோன்றவே இல்லை. சோறு குழைந்தால் அரிசி பிழை. நனைந்து வந்தால் வானிலை அறிக்கை பிழை. தங்கையின் கலியாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தபோது, ஐயர் அவசரப்பட்டுவிட்டார் என்று சபையில் சொன்னவர் அவர். மனைவி அன்னபாக்கியம் கணித ஆசிரியை. "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் பழகியவர்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சிவானந்தன் நோர்ட்டனைத் துடைத்து, உதைத்துக் கிளப்புவார். கிளம்பியதும் அது ஆடத் தொடங்கும். கைபிடி நடுங்கும், முன்சில்லு நின்ற இடத்திலேயே துள்ளும். மூன்றாம் மாடியில் இருக்கும் கணக்காளர் தேத்தண்ணிக் கோப்பையோடு பல்கனிக்கு வந்து, "அங்கிள், வண்டிக்கு டெங்குவோ? ரெண்டு பனடோல் போட்டு விடுங்கோ" என்பார்.

உடனே சிவானந்தனின் பிரசங்கம் ஆரம்பமாகும்.

"தம்பி, இது ஆடத்தான் வேணும். மற்ற வண்டியளில மாதிரி எஞ்சினை நேரா இரும்பில பூட்டேல்ல. முன்னுக்கும் பின்னுக்கும் றப்பர் குத்தியில தூக்கி வச்சிருக்கு. அந்த றப்பருக்குப் பக்கத்தில, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில, ஒரு விசிட்டிங் கார்ட் தடிப்புக்கு இடம் விடோணும். விட்டா, நிக்கேக்க எஞ்சின் தன்ர பாட்டில ஆடும், ஓடேக்க ஏறி இருக்கிறவனுக்கு ஒண்டும் தெரியாது. இடத்தை அடைச்சியோ, ஆட்டம் முழுக்க அவன்ர எலும்புக்கை இறங்கும்."

சொல்லிக்கொண்டே பணப்பையிலிருந்து தன் பழைய விசிட்டிங் கார்டை எடுத்துக் காட்டுவார். பிரசங்கம் நூற்றுக்கு நூறு சரியானது. ஆனால் அதற்குள் கணக்காளர் உள்ளே போயிருப்பார், கேட்கத்தான் யாரும் இல்லை. பல்கனியில் அன்னபாக்கியம் மட்டும் உடுப்புக் காயப்போட்டபடி நின்றிருப்பார்.

போன வருடம் மகள் மிதுனா கார் வாங்கினாள். அத்தோடு சதுரத்துக்குச் சண்டை வந்தது. அன்னபாக்கியம்தான் தீர்ப்புச் சொன்னார்.

"இருபது வருஷமா என்னை இதில ஏத்திக்கொண்டு போறன் எண்டு சொல்றீங்கள். வாற ஞாயிறு வத்தளையில தம்பியின்ர புது வீட்டுக் குடிபூரல். இதிலயே கூட்டிக்கொண்டு போங்கோ. நான் ஒழுங்காப் போய்ச் சேந்தா இது இஞ்சயே நிக்கட்டும், மிதுனா வேற இடம் பாக்கட்டும். இல்லாட்டி வித்துப்போடுங்கோ."

சிவானந்தன் கீழே இறங்கி வண்டியிடம் போனார். அந்த வண்டி இல்லாமல் போனால் ஞாயிற்றுக்கிழமை அவர் யார்? வெறும் ஓய்வூதியக்காரர்.

குனிந்து பார்த்தால் றப்பர் எல்லாம் எண்ணெய் குடித்து ஊறிக் களியாகிக் கிடந்தது. கொட்டாஞ்சேனையில் இருக்கும் சட்டத்தரணி ஸவாஹிர் அவருடைய நெடுநாள் சினேகிதர். அவரிடமும் இதே நோர்ட்டன் உண்டு, ஆனால் அவர் ஓட்டுகிறவர். இங்கிலாந்திலிருந்து தனக்கென்று எடுப்பித்த புது றப்பரையும் வாஷர்களையும் தூக்கிக்கொண்டு சனிக்கிழமை வந்துவிட்டார். எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியில் தூக்கினார்கள். நீளமான போல்ட் வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அதற்கு எண்ணெய் விட்டுத் தட்டினார்கள், புது றப்பருக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசித் தள்ளினார்கள். வேலை நடந்த நேரத்தைவிட, யாருக்கு அதிகம் தெரியும் என்ற வாதம் நடந்த நேரம்தான் கூட. கடைசியில் விசிட்டிங் கார்டை வைத்துப் பார்த்து, இடைவெளி விட்டுப் பூட்டிக் கிளப்பினார்கள்.

நோர்ட்டன் ஆடியது. ஆடவேண்டிய அளவுக்குத்தான் ஆடியது. ஆனால் பல்கனிகள் நிரம்பிவிட்டன. கணக்காளர் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"புது றப்பருக்கும் காய்ச்சல் விடேல்லப் போல, அங்கிள்!"

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும் மச்சான். இது இப்பிடித்தான் ஈக்கோணும்" என்றார் ஸவாஹிர். "நாளைக்கி நானும் என்ட வண்டில பின்னால வாறன்" என்று சொல்லிவிட்டு மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார்.

சிவானந்தனுக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. நாளை காலை முழுத் தொகுதியும் வேடிக்கை பார்க்க நிற்கும். மனைவி சேலையோடு ஏறும்போது வண்டி சன்னதம் வந்ததுபோல் ஆடினால் மரியாதை என்னாவது? ஊருக்குத்தான் உபதேசம். ஸவாஹிர் கொண்டுவந்ததில் மிஞ்சியிருந்த தடித்த வாஷர்களை எடுத்தார், இடைவெளியில் ஒரு தாள்கூடப் போகாதபடி அடைத்தார், இரண்டு கையாலும் இறுக்கினார். கிளப்பிப் பார்த்தால் வண்டி கோயில் தூண் மாதிரி நின்றது. அவருக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

ஞாயிறு காலை பல்கனிகள் வாயடைத்துப் போயின. கணக்காளர் கைதட்டினார். அன்னபாக்கியம் ஹெல்மெட்டைப் போட்டு, மடியில் மோதகச் சட்டியை வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

பம்பலப்பிட்டி வரும்போது உள்ளங்கால் கூசியது. கொள்ளுப்பிட்டியில் கைவிரல்கள் விறைத்தன. புறக்கோட்டையில் கண்ணாடியில் ஒவ்வொரு பஸ்ஸும் இரண்டாகத் தெரிந்தது, சிவானந்தன் இரண்டுக்கும் ஒதுங்கினார். களனிப் பாலத்தில் இலக்கத்தகட்டின் ஆணி ஒன்று கழன்று போக, தகடு ஒற்றைக் காதில் தொங்கிக் கிலுகிலுத்தது. பின்னாலிருந்து பேச்சே இல்லை. பேசினால் நாக்குக் கடிபடும் என்று அன்னபாக்கியம் பல்லை இறுக்கிக்கொண்டிருந்தார். சிக்னலில் நின்றபோது மட்டும் நோர்ட்டன் அசையவே இல்லை. பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரர் "மரு பைக் எக!" என்று சிங்களத்தில் மெச்சினார். சிவானந்தன் விறைத்த கையைத் தூக்கி அதை ஏற்றுக்கொண்டார்.

வத்தளையில் அன்னபாக்கியத்தை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கால் தரையில் நிற்கவில்லை. சட்டிக்குள் மோதகமெல்லாம் உடைந்து ஒரே களியாய்க் கிடந்தது. வாசலில் உறவுச்சனம் திரண்டிருந்தது. முன்னால் நின்றவர் அன்னபாக்கியத்தின் தம்பி. ஜப்பான் கார் விற்கிறவர், அந்த நோர்ட்டனை "அத்தாற்ற இரும்புக் கிழவி" என்று பெயர் வைத்துச் சிரிக்கிறவர்.

ஸவாஹிர் தன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். அவர் முகத்தில் களைப்பே இல்லை.

"மச்சான், அந்த எடவெளிய நாங்க உட்டமாதிரியே உட்டீங்கதானே? கை வெச்சீங்களெண்டா செல்லுங்க. சாமான் என்ட பைக்குள்ள ஈக்கி. சாப்பிட முந்திச் சரிபண்ணிடலாம்."

ஒரு வார்த்தை போதும். கை வைத்தேன் என்று சொன்னால், திரும்பும் பயணம் வெண்ணெயாக இருக்கும், சதுரமும் மிஞ்சும். சிவானந்தனுக்கு அது தெரியும். சொல் தொண்டை வரை வந்தது. மச்சினர் வாய்க்குள் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். சொல் திரும்பிப் போய்விட்டது.

"நான் ஏன் கை வைக்கிறன்? விட்டமாதிரியே இருக்கு."

அன்னபாக்கியம் கதிரையில் இருந்தபடி கேட்டார். "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள் பூட்டினதில பிழை ஒண்டும் இல்லையோ?"

"என்ர வேலையில என்னப்பா பிழை? நூற்றுக்கு நூறு சரி."

"அப்ப வண்டிதான் பிழை. வித்துப்போடுவம்."

ஸவாஹிர்தான் தயங்கித் தயங்கி, "வெளிய குடுக்கிறதெண்டா நானே எடுக்கிறன்" என்றார். நோர்ட்டன் வத்தளையிலேயே நின்றுவிட்டது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்ற முகத்தோடு சிவானந்தன் இரண்டு தரம் பாயாசம் வாங்கிக் குடித்தார்.

பின்னேரம் மிதுனா காரில் வந்து ஏற்றினாள். அன்னபாக்கியம் முன்னால், சிவானந்தன் பின்னால். கார் களனிப் பாலத்தைத் தாண்டியது. பிறகு அன்னபாக்கியம் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"நீங்கள் இடத்தை அடைச்சது எனக்குப் பம்பலப்பிட்டியிலயே தெரியும். இருபது வருஷமா உங்கட பிரசங்கத்தைக் கேட்டது நான் ஒராள்தானே. நிக்கேக்க ஆடாட்டி ஓடேக்க எலும்புக்கை இறங்கும். அது அப்பிடியே இறங்கினது."

சிவானந்தன் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிழை விட்டிட்டன் எண்டு ஒருக்காச் சொல்லுவீங்களோ எண்டுதான் சபையில கேட்டனான். சொல்லியிருந்தா, ஸவாஹிர் பூட்டித்தர அதிலயே திரும்பி வந்திருப்பன். இந்த நாரி, முதுகு நோவோடயும் வந்திருப்பன்."

கார் புறக்கோட்டை நெரிசலில் நின்றது. சிவானந்தனின் கண் கலங்கிவிட்டது. வண்டி போன துக்கம் ஒரு பக்கம், இவள் இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்ற அதிர்ச்சி மறுபக்கம். ஸவாஹிருக்கு ஒரு போன் எடுத்தால் இப்போதும் எல்லாவற்றையும் மாற்றலாம். மிதுனா கண்ணாடியில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அன்னபாக்கியமும் காத்திருந்தார்.

சிவானந்தன் தொண்டையைச் செருமினார்.

"அந்த வாஷர்," என்றார், "இங்கிலாந்தில இருந்து வரேக்கயே தடிப்புக் கூட."