ஆறாவது கையெழுத்து

திலகவதிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய அளவுக்கு இறங்கிவிட்டால், அன்றைக்கு யாருக்கோ சனி பிடித்துவிட்டது என்று அர்த்தம். அவரோடு வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பாளையங்கோட்டையில் இயற்பியல் படித்தவர், மைன்ஸில் பெர்மனென்ட் வேலையில் இருந்த அய்யாசாமியைக் கட்டிக்கொண்டு நெய்வேலிக்கு வந்தார். குவார்ட்டர்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஜாதகம் அவருக்கு இல்லை. மும்பைக்குப் போய்க் கதிரியக்கப் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, தேர்வெழுதி, லைசென்ஸ் வாங்கி, டவுன்ஷிப்புக்கு வெளியே இருந்த சுடரொளி இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற தனியார் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தார். கதிர்வீச்சு அளக்கும் மீட்டரைக் கையிலிருந்து கீழே வைக்க மாட்டார். அதனால் கம்பெனி ஷெட்டில் எல்லாருக்கும் அவர் மீட்டர் மேடம்.

கம்பெனியின் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மின்நிலையத்தில் கரி கொட்டி வைக்கும் பெரிய தொட்டி நிரம்பிவிட்டதா என்று தலையை நீட்டிப் பார்க்க முடியாது, உள்ளே அவ்வளவு தூசி. அதனால் தொட்டிக்கு ஒரு பக்கம் கடுகளவு கதிரியக்கப் பொருளை ஈயக் கூட்டுக்குள் வைப்பார்கள். மறுபக்கம் இருக்கும் கருவி, வந்து சேரும் கதிரை அளந்து சொல்லிவிடும். பழசாகிப்போன ஈயக் கூடுகளைக் கழற்றி வந்து, மும்பைக்குத் திருப்பி அனுப்பும் வரை ஷெட்டின் கோடியில் ஓர் அறையில் பூட்டி வைப்பது இந்தக் கம்பெனியின் பொறுப்பு. ஒவ்வொன்றும் குட்டையான பானை போல இருக்கும், நாற்பது கிலோ கனக்கும். மூடி பூட்டியிருக்கும் வரை பக்கத்தில் நின்று கதை பேசலாம். உடைத்தாலோ, உலையில் போட்டு உருக்கினாலோ தொலைந்தோம்; அது எத்தனை வீட்டுக்குள் போய் உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2010இல் தில்லியில் பழைய இரும்புக் கடைக்குப் போன ஒரு கதிரியக்கக் கருவி ஓர் உயிரை வாங்கியது. அதற்கடுத்த வருஷம், மும்பையில் கதிரியக்க லைசென்ஸ் கொடுக்கும் அரசு வாரியத்திலிருந்து ஒரு வரைவு விதி வந்தது. இப்படிப்பட்ட பொருள்கள் எங்கே, எத்தனை இருக்கின்றன என்பது தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். இதைப் பற்றி விஞ்ஞானிகளும் பாதுகாப்பு அதிகாரிகளும் கருத்து எழுதலாம். இவ்வளவுதான் அதில் இருந்தது.

கம்பெனியின் செக்யூரிட்டி ஆபீசர் ஜெயகணேஷ் பட்டாளத்திலிருந்து வந்தவர். நல்ல மனுஷர், ஆனால் ஒன்று சொன்னால் ஒன்பது செய்வார். மஞ்சள் எச்சரிக்கைப் பலகை திருடனுக்கு வழிகாட்டும் என்று சொல்லி அதைக் கழற்றினார். கதவில் 'பழைய ரிஜிஸ்டர் அறை' என்று எழுத வைத்தார். பழைய ரிஜிஸ்டருக்குத் தனிப் பூட்டு போட்டால் சந்தேகம் வருமாம். அதனால் சாவியைப் பொதுப் பலகையில் மாட்டினார். அறைக்குள் இருப்பது என்னவென்று தெரிந்தவர்கள் மொத்தம் ஐந்தே பேர், அவர்கள் பெயரைக் கையெழுத்தோடு ஒரு பட்டியலில் வைத்தார். திலகவதி ஒரு தடவை மறுத்துப் பார்த்தார். நாட்டுப் பாதுகாப்பு மேடம் என்றார் ஜெயகணேஷ். அந்த வார்த்தைக்குப் பணிந்து, பலகையைக் கழற்றும் உத்தரவில் திலகவதி கையெழுத்துப் போட்டார். தன் ஆயுளில் போட்டதிலேயே மட்டமான கையெழுத்து அதுதான் என்று பின்னால் அவரே எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

2011 அக்டோபர். ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் கம்பெனியில் பூஜை. மேட்டூரில் வேலை முடித்துவிட்டுத் திலகவதி மத்தியானம் வந்து சேர்ந்தபோது, ஷெட் முழுக்க மாவிலைத் தோரணம், ஊதுவத்தி வாசனை. பூசணிக்காய் தயார். ஸ்பேனர், டிரில்லிங் மெஷின், தராசு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். அந்த வரிசையின் நடுவே, பளபளவென்று கழுவி, பட்டை பட்டையாக விபூதி பூசி, சாமந்திப்பூ சூடி, மூன்று ஈயக் கூடுகள் கொலுவிருந்தன.

அறையில் இருந்தவை நான்கு.

நடந்ததில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆயுத பூஜை என்றால் பூட்டின அறையெல்லாம் திறந்து, ஒட்டடை அடித்து, கழுவிவிட வேண்டும். சூப்பர்வைசர் சாவிகளை எடுத்துக் கொடுத்தார். கான்ட்ராக்டில் பெருக்கித் துடைக்க வரும் வீராயியும் மற்ற மூன்று பெண்களும் வழக்கம்போல உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். வீராயி குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், கை படாத மூலை என்று ஒன்றை விட்டுவைக்காதவர்.

திலகவதி மீட்டரை மூன்றின் மேலும் ஓட்டிப் பார்த்தார். மூடிகள் பத்திரமாக இருந்தன. நான்காவது எங்கேயும் கண்ணில் படவில்லை. காலையில்தான் பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி போயிருந்தது, புதுச்சேரிப் பக்கத்து உலைக்கு.

ஜெயகணேஷ் அப்போதும் விதியை விடவில்லை. பட்டியலில் இல்லாத யாருக்கும் எதைத் தேடுகிறோம் என்று சொல்லக் கூடாது என்றார். முக்கியமான ஒரு ரிஜிஸ்டர் காணோம் என்று எல்லாரையும் தேட விட்டார். பாவம், அந்தப் பெண்கள் பீரோ பீரோவாகத் துழாவி அரை மணி நேரத்தில் ஏழு ரிஜிஸ்டர்களைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். ஒன்று 1998ஆம் வருஷத்து வருகைப் பதிவேடு. ஜெயகணேஷ் ஒவ்வொன்றாக வாங்கிப் புரட்டி, இது இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். லாரி அதற்குள் எவ்வளவு தூரம் போயிற்றோ.

திலகவதியின் குரல் இறங்கியது. இவர்களிடம் சொல்லப்போகிறேன் என்றார்.

"சொன்னீங்கன்னா நான் எழுதிக் குடுத்தே ஆகணும் மேடம். உங்க லைசென்ஸ் போயிடும்."

அந்த லைசென்ஸ் இல்லையென்றால் திலகவதி வெறும் குவார்ட்டர்ஸ் வீட்டம்மா. கைக்குழந்தையை அய்யாசாமியிடம் விட்டுவிட்டு மும்பை ஹாஸ்டலில் அழுதுகொண்டே படித்து வாங்கியது அது.  எழுதிக்கோங்க சார் என்று சொல்லிவிட்டு அவர் வீராயியின் பக்கம் திரும்பினார். அந்தப் பானைகளுக்குள் என்ன இருக்கிறது, உலைக்குப் போனால் என்ன ஆகும், நாலில் ஒன்றைக் காணோம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

வீராயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் குண்டுப் பானையா மேடம்? தார்ப்பாய் பறக்குதுன்னு தனகோடி அண்ணன் பாரம் ஒண்ணு கேட்டாருங்க, நான்தான் லாரியில தூக்கிவுட்டேன். ரிஜிஸ்டரு ரிஜிஸ்டருன்னு தேடிகினு இருக்கீங்களே, இதைக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

தனகோடி லாரி டிரைவர். போன் அடித்து அடித்து ஓய்ந்தது, எடுக்கவில்லை. அதற்கும் வீராயியிடமே பதில் இருந்தது. நாளைக்கு லாரிக்குப் பூஜை போட வேண்டும், வண்டி உலைக்குப் போயிருக்காது, காடாம்புலியூரில் அவர் வூட்டு வாசலில்தான் நிற்கும் என்றார். வீராயியையே ஜீப்பில் முன்னால் உட்கார வைத்து வழி காட்டச் சொன்னார்கள். ஜெயகணேஷ் ஓட்டிய வேகத்தில் முந்திரித் தோப்புகள் எப்போது வந்தன, எப்போது போயின என்றே தெரியவில்லை.

லாரி வாசலில்தான் நின்றது. தனகோடி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டயருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நான்காவது கூடு தார்ப்பாயின் ஓரத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. திலகவதி மேலே ஏறி, மீட்டரை வைத்து, மூடியைத் தடவிப் பார்த்தார். பூட்டு அப்படியே இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. அங்கேயே தார்ப்பாய் மேல் உட்கார்ந்துவிட்டார். இதை எடுத்துக்கொண்டால் தார்ப்பாய் மேல் வைக்கப் பாரத்துக்கு நான் எங்கே போவேன் என்று தனகோடி சண்டைக்கு வந்தார். ஜெயகணேஷ் மறுபேச்சில்லாமல் ஜீப்பின் ஸ்டெப்னியைக் கழற்றிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் கம்பெனி நிர்வாகம் விஷயத்தை நாசூக்காக முடிக்கப் பார்த்தது. கான்ட்ராக்ட் தொழிலாளியின் கவனக்குறைவு என்று ஒரு வரி எழுதி வீராயியை நிறுத்திவிட்டால் போதும், திலகவதிக்கும் ஒன்றும் வராது என்றார்கள். அன்றைக்கு அவர் குரல் ரொம்பவே இறங்கியதாகச் சொல்கிறார்கள். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில், பலகையைக் கழற்றச் சம்மதித்து நான் போட்ட கையெழுத்து என்று தன் கைப்பட எழுதினார். ஒரு நகலை மும்பைக்கு அனுப்பினார். சொன்னபடி ஜெயகணேஷும் எழுதிக் கொடுத்தார். லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். வீராயி வேலையில் இருந்தார்.

மும்பையில் அந்த வரைவைப் பற்றிப் பேச விஞ்ஞானிகளைக் கூட்டியபோது திலகவதிக்கும் அழைப்பு வந்தது. பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்தவர்கள். எவ்வளவு குறைவான பேருக்குத் தெரிகிறதோ அவ்வளவு பத்திரம் என்பதே பலரின் பேச்சாக இருந்தது. திலகவதி பூஜை வரிசையில் சாமந்தி சூடி நின்ற மூன்று பானைகளைப் பற்றிச் சொன்னதும் மேஜையைச் சுற்றிச் சிரிப்பு. தனகோடியின் லாரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. தலைமை தாங்கியவர் தமிழர். கூட்டுகிற அம்மாவிடம் சொன்னால் வெளியில் சொல்லாமல் இருப்பார் என்று என்ன நிச்சயம் என்று தமிழிலேயே கேட்டார்.

"ரகசியம்னு தெரிஞ்சாத்தானே சார் காப்பாத்த முடியும்? தெரியாத ஒண்ணை அவங்க எப்படிக் காப்பாத்துவாங்க?"

வெளியாளுக்கு இடம் தெரியக் கூடாது, அறைக்குள் கால் வைக்கிற ஒவ்வொருவருக்கும் விஷயம் தெரிந்தே ஆக வேண்டும். இவை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள் என்று எழுதியே கொடுத்துவிட்டு வந்தார். இறுதி விதி வந்தபோது அதில் ஒரு வரி கூடியிருந்தது. சுத்தம் செய்பவர் உட்பட, அறைக்குள் போகிற எல்லாருக்கும் பயிற்சி தந்து கையெழுத்து வாங்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரியும் இன்னொருவரும் சேர்ந்து வந்தால் ஒழியக் கதவைத் திறக்கக் கூடாது என்பதும் இருந்தது. திலகவதி அதை அய்யாசாமிக்கு மூன்று தடவை படித்துக் காட்டினார்.

மஞ்சள் பலகை அறைக்குள், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் ஏறியது. வெளிக்கதவுக்கு இரட்டைப் பூட்டு வந்தது. பட்டியலில் ஐந்து பெயருக்குக் கீழே ஆறாவதாக வீராயி, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். பயிற்சி கொடுத்தவர் திலகவதி, லைசென்ஸ் திரும்பி வந்த முதல் வாரம்.

2012 ஆயுத பூஜை. வீராயி குங்குமக் கிண்ணத்தோடு அந்த அறைக்கு வெளியே நின்றிருந்தார். ஜெயகணேஷ் அவசரமாக வந்தார், தனியாக. உள்ளே எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிச் சாவியைப் பூட்டுக்குக் கொண்டுபோனார். வீராயி வழியை விடவில்லை.

"மேடத்தோட ரெண்டு பேரா வந்தாத்தான் சார் தொறக்கணும். கையெழுத்துப் போட்டிருக்கேனே."

ஜெயகணேஷ் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு, திலகவதியைக் கூட்டிவரப் போனார். இரண்டு பேரும் உள்ளே போய், எண்ணிப் பார்த்து, வெளியே வந்து பூட்டினார்கள். அதற்குப் பிறகுதான் வீராயி கதவுக்குப் பொட்டு வைத்தார்.