எக்ஸ்பிடைட் நஜாத்

ஆலங்குடாவில் ஆட்டோ ஓட்டும் நஜாத்துக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். அதில் உயிரானது ‘எக்ஸ்பிடைட்’. பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன் சொல்லிவிட்டுப் போனது. அதற்கு அர்த்தம் பறக்கிறது என்று நஜாத் தானாகவே முடிவு செய்துகொண்டான். பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனாலும் எக்ஸ்பிடைட், ஜும்ஆத் தொழுகைக்குப் போனாலும் எக்ஸ்பிடைட். பஸ்ஸை முந்தினால் அந்தச் சொல்லைக் கூவாமல் விடமாட்டான்.

அவனுடைய தங்கச்சி ஸும்றா இங்கிலீஷ் டீச்சர். அவளுக்குப் பிள்ளைவலி எடுத்த காலையில் அவள் மாப்பிள்ளை மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தார். அவளையும் அவளுடைய மாமியார் லெய்லாவையும் ஏற்றிக்கொண்டு நஜாத் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

வழியில் பாலம் திருத்துகிறார்கள், பாதி றோட்டு அடைப்பு. மிச்சப் பாதியில் ஒரு கழுதை குறுக்கே நின்றது. ஹோர்ன் அடித்தான், எஞ்சினை உறுமவிட்டான். கழுதை காதை மட்டும் ஆட்டியது.

“நானா, சத்தம் போட்டா அது எப்பிடிப் போகும்? காலப் பாருங்க,” என்று அண்ணனிடம் சொன்னாள் ஸும்றா. முன்னங்கால் இரண்டிலும் கிழிந்த நைலோன் வலை இறுகிக் கிடந்தது.

“எக்ஸ்பிடைட் பண்ணத்தானே பாக்கிறன்.”

“அது ஓடுறதுக்குச் செல்ற சொல் இல்ல நானா. லத்தீன்ல எக்ஸ் எண்டா வெளிய, பெட் எண்டா கால். வெலங்குல மாட்டின கால வெளிய எடுக்கிறதுதான்... யா அல்லாஹ்... ஆதி அர்த்தம். தடைய நீக்கி ஒரு வேலையக் கெதியா முடிக்கிறதுக்குத்தான் இப்ப செல்ற.”

“புள்ளயப் பெத்துப்போட்டுப் பாடம் நடத்து மகள்,” என்றார் மாமி.

நஜாத் ஸீட்டுக்கடியில் கிடந்த கத்தியோடு குதித்தான். “ஒதைக்காத வாப்பா, ஒன்ட நல்லதுக்குத்தான்,” என்று கெஞ்சியபடி வலையை இழை இழையாக அறுத்தான். உள்ளே ஸும்றா வண்டிக் கம்பியை முறுக்கினாள். கடைசி இழை விட்டதும் கழுதை அவன் முழங்காலில் ஓர் உதை வைத்துவிட்டு ஆற அமர நடந்து போனது.

அதற்குப் பிறகு நஜாத் ஒரு பள்ளத்திலும் சில்லை இறக்கவில்லை. பின்னால் வந்த பஸ் அவனை முந்தியது. அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை, கண்ணாடியில் தங்கச்சியின் முகத்தை மட்டுமே பார்த்து ஓட்டினான்.

பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம் என்று நர்ஸ் வந்து சொன்னபோது நஜாத் ஆஸ்பத்திரிப் படியில் குந்தி விம்மி விம்மி அழுதான்.

“என்ன மகன்?” என்றார் மாமி.

“கழுத ஒதச்ச எடம் வலிக்கிது மாமி,” என்று முழங்காலைத் தடவினான்.

அது உதைபடாத முழங்கால்.