மூன்று போன் அக்கா

மூன்று போன்களிலும் ஒரே முகவரியைத் தட்டிவிட்டு, அவை வழி தேடி முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். இரண்டு போன்கள் ஸ்டியரிங்குக்கு மேலே ரப்பர் பிடிகளில் நிற்கும். மூன்றாவது மடியில் கிடக்கும். மூன்றிலும் மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் மேப். ஒன்று முப்பத்தொரு நிமிடம் என்று சொல்லும். அடுத்தது இருபத்தெட்டு என்று போட்டிக்கு நிற்கும். மடியில் இருப்பது கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு முப்பத்தாறு என்று முனகும். மூன்றும் ஒரே சாலையைக் காட்டினால்தான் சாவியைத் திருப்புவாள். ஒன்று பிசகினாலும் கண்ணாடியை இறக்கி, எதிரே பேப்பர் அடுக்கிக்கொண்டிருக்கும் கடைக்காரரிடம், "அண்ணே, மேம்பாலம் தொறந்துதான இருக்கு?" என்று கேட்பாள். அந்த மேம்பாலம் இருபது வருடமாகத் திறந்துதான் இருக்கிறது. அவரும் சலிக்காமல், "தொறந்துதாம்மா இருக்கு, போய்ட்டு வா" என்பார்.

அவள் ஓட்டுவது டயாலிசிஸ் வேன். சிறுநீரகம் கைவிட்டவர்களை வாரத்துக்கு மூன்று முறை வீட்டு வாசலில் ஏற்றி, ஆஸ்பத்திரி மெஷினுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, நான்கு மணி நேரம் காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். வயது நாற்பத்து நான்கு. ஒடிசலான உடம்பு, சீட்டில் இரண்டு குஷன்களை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்தால்தான் சாலை தெரியும். வார்டு நர்சுகள் அவளுக்கு வைத்த பெயர் மூணு போன் அக்கா. அவளுக்கு அது தெரியும். "மூணு புருஷன்னு சொல்லாத வரைக்கும் சரிதான்" என்று சிரிப்பாள். ஆனால் சிரிக்கும்போதும் கண் என்னவோ போன்களின் மேல்தான் இருக்கும்.

உள்ள ஒரு புருஷன் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கிறார். அவர் ஒரு மேப்பின் பக்தர். டாக்ஸி ஓட்டும் அவள் தம்பி இன்னொரு மேப்பின் பக்தன். இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிட உட்கார்ந்தால் சோறு ஆறிப்போகும். "உங்க மேப் சுவத்துக்குள்ள பூந்து போகச் சொல்லும் மாமா" என்பான் அவன். "உன்னுது பக்கத்து வீட்டுக்குப் போக பக்கத்து ஜில்லாவச் சுத்தும்டா" என்பார் இவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தயமே வைத்துவிட்டார்கள். ஒரே வாசலிலிருந்து ஒரே செருப்புக் கடைக்கு, ஆளுக்கொரு மேப்பை நம்பி, ஆளுக்கொரு பைக்கில். இரண்டு பேரும் ஒரே நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கடைதான் அங்கே இல்லை. எட்டு மாதத்துக்கு முன்பே வேறு தெருவுக்கு மாறியிருந்தது. இந்தக் கதையை அவள் சொல்லும்போது கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் முகம் மட்டும் வெளுத்துவிடும்.

வேனில் வழக்கமாக வருபவர்கள் இரண்டு பேர். ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர். கணக்கு டீச்சர் ஒருவர். மேப்புகளுக்குப் பெயர் வைத்தது தையல்காரர்தான். அதட்டும் குரலில் பேசுவது மாமியார். கொஞ்சும் குரலில் பேசுவது மருமகள். மடியில் கிடந்து, எல்லாம் முடிந்தபிறகு வாயைத் திறப்பது மாமனார். "இன்னைக்கு வீட்டுல சண்டையா, சமாதானமா?" என்று கேட்டுக்கொண்டே ஏறுவார். டீச்சர் கணக்காகச் சொல்வார்: "மூணுல ரெண்டு ஒத்துப்போனா போதும்மா. பெரும்பான்மை."

பெரும்பான்மை என்ற சொல்லைக் கேட்டாலே அவள் மூன்று போன்களிலும் முகவரியை இன்னொரு முறை தட்டுவாள்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் அவளிடம் ஒரு போன்தான் இருந்தது. பனி மூடிய ஒரு காலை. புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த பாலம் முடிந்துவிட்டதாக மேப்பில் வரைந்திருந்தது. "நேராகச் செல்லவும்" என்றது குரல். பாலத்தின் ஏற்றத்தில் வைத்திருந்த தடுப்பை யாரோ ஓரமாக நகர்த்திப் போட்டிருந்தார்கள். வேன் ஏறியது. பனிக்குள்ளிருந்து துருப்பிடித்த கம்பிகள் விரல்களைப் போல நீட்டிக்கொண்டு தெரிந்த அந்தக் கணத்தில் பிரேக்கை மிதித்தாள். இறங்கிப் பார்த்தபோது முன்சக்கரத்துக்கும் வெற்றுவெளிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. கீழே, வெகு கீழே, ஏதோ லாரி போகும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். போன் அப்போதும் "நேராகச் செல்லவும்" என்றது.

"என்னம்மா ஆச்சு?" என்று பின்னாலிருந்து தையல்காரர் கேட்டார். டீச்சர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல சார். நாய் குறுக்க வந்துடுச்சு."

அந்த நாயைப் பற்றி அவள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. சொன்னால் வண்டி சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். அதைவிட, நோயாளிகளுக்குத் தெரிந்தால் கண்ணை மூடி நிம்மதியாகச் சாய்ந்து வர மாட்டார்களே என்ற பயம். அடுத்த மாதமே இரண்டாவது போன் வாங்கினாள். அதற்கடுத்து மூன்றாவது. அப்படியும் பயம் மூன்றில் ஒரு பங்காகக் குறையவில்லை, மூன்று மடங்காகத்தான் ஆனது. விடுமுறை நாளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, மறுநாள் போகவேண்டிய சாலை இருந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். கணவர் தலையில் அடித்துக்கொள்வார்: "ரோடு எங்கடி போயிடும், கால் முளைச்சா?"

போன மழைக்காலத்தில், மூன்று நாள் விடாமல் கொட்டிய பிறகு ஒரு காலை. மழையால் டீச்சருக்கு முந்தைய முறை டயாலிசிஸ் தவறியிருந்தது. கால்கள் வீங்கி, படுக்க முடியாமல் இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். அவருடைய மகளும் தையல்காரரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி வேனில் ஏற்றினார்கள். மகளுக்குக் கைக்குழந்தை, கூட வர முடியவில்லை. "பார்த்துக்குங்க அக்கா" என்று சொல்லிவிட்டு மழையிலேயே நின்றாள். டீச்சர் மூச்சு விடும் சத்தம் முன்சீட்டு வரை கேட்டது.

பெரிய சாலையில் மரம் விழுந்து அடைத்துக்கொண்டிருந்தது. அவள் போன்களைப் பார்த்தாள். ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை வழியாகப் பத்தொன்பது நிமிடம் என்றது மாமியார். அதே வழியைப் பதினேழு என்றது மருமகள். இரண்டிலும் கோடு முழுக்கப் பச்சை. ஊரைச் சுற்றிப் போகும் புறவழிச்சாலையைக் காட்டி ஐம்பத்திரண்டு என்றது மாமனார்.

கணவருக்குப் போன் போட்டாள். "ரெண்டு மேப்பும் ஒண்ணா சொல்லுதுல்ல? அப்புறம் என்ன யோசன? போ."

"எது... கிட்டமோ... அதுல போம்மா" என்றார் டீச்சர். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு தேவைப்பட்டது அவருக்கு.

அவள் சுரங்கப்பாதைப் பக்கம் திருப்பினாள். சாலை வழவழவென்று கிடந்தது. முன்னால் ஒரு வண்டி இல்லை. கண்ணாடியில் பார்த்தாள், பின்னாலும் இல்லை. காலை எட்டு மணிக்கு நிற்க இடமில்லாமல் நெரியும் சாலை அது. அவள் வேகத்தைக் குறைத்தாள். வண்டிகள் தேங்கி நின்றால் மேப் சிவப்பாகக் காட்டும். வண்டியே போகாத சாலையில் தேங்குவதற்கு என்ன இருக்கிறது? யாரும் போகாததால்தான் பச்சை.

வேனை நிறுத்திவிட்டு, ரப்பர் பிடியிலிருந்து ஒரு போனை உருவிக்கொண்டு, குடையோடு இறங்கினாள். சரிவில் பத்தடி நடந்ததும் தண்ணீர் செருப்பைத் தொட்டது. அதற்கு மேல் சாலை இல்லை. காவி நிறத் தண்ணீர் சுரங்கப்பாதையின் வாய்வரை அசையாமல் நின்றது. எவ்வளவு ஆழம் என்று காட்டச் சுவரில் எழுதியிருக்கும் அளவுகோலில் தலைப்பகுதி மட்டும் வெளியே தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் அந்தத் தண்ணீரும் ஈரமான சாலையைப் போலத்தான் இருந்தது. கையிலிருந்த போன், "நேராகச் செல்லவும்" என்றது.

திரும்ப ஓடி வந்து வண்டியை ரிவர்ஸ் எடுத்தாள். கியர் இரண்டு முறை கரகரத்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, "நர்சம்மா, ஒரு மணி நேரம் ஆகும், வாசல்லயே ஆக்சிஜன் வெச்சிடுங்க" என்று சொன்னாள். டீச்சர் செத்துப்போய்விடுவார், அதற்குத் தான்தான் காரணம், கிட்டத்து வழியை விட்டுவிட்டு வந்த டிரைவர் என்று ஊர் சொல்லும் என்ற ஒரே நினைப்பு மண்டைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

புறவழிச்சாலையில் பாதி தூரம் போனதும் தையல்காரர் முன்னால் குனிந்து மெதுவாகப் பேசினார். டீச்சரின் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது.

"அன்னைக்கு பாலத்து மேல நாய் எதுவும் வரல. எனக்குத் தெரியும்."

அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"கம்பி தெரிஞ்சதும்மா எனக்கும். நீ நாய்னு சொன்ன, நானும் சரின்னுட்டேன்."

"தெரிஞ்சுமா சார் தினம் ஏறுனீங்க?"

"நிறுத்தினியேம்மா. நிறுத்தத் தெரிஞ்ச டிரைவர விட்டுட்டு வேற எவன் வண்டில நான் ஏற? நீ ரோட்டப் பாரு. டீச்சர நான் பாத்துக்கறேன்."

ஒரு மணி ஐந்து நிமிடம் ஆனது. வாசலில் சக்கர நாற்காலியும் ஆக்சிஜனும் தயாராக நின்றன. டீச்சரின் உதடு நீலம் பாரித்திருந்தது. கதவு மூடியதும் அவள் வராந்தாவின் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். முக்கால் மணி நேரம் கழித்து நர்ஸ் எட்டிப்பார்த்தார். "மெஷின்ல போட்டாச்சு அக்கா. மூச்சு சீராயிடுச்சு. 'எத்தன நிமிஷம் ஆச்சு'ன்னு கணக்குக் கேக்கறாங்க."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வேனில் வந்து உட்கார்ந்தாள். மாமியாரிலும் மருமகளிலும் சுரங்கப்பாதையைத் தொட்டு, 'சாலை மூழ்கியுள்ளது' என்று பதிந்தாள். இரண்டிலும் ஒரே மாதிரி பதில் வந்தது: 'உங்கள் பங்களிப்புக்கு நன்றி. பரிசீலிக்கிறோம்.' கூடவே ஒரு நட்சத்திரம் மின்னியது. நகராட்சிக்குப் போன் செய்தாள். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். இருபது நிமிடம் கழித்துத் திறந்து பார்த்தாள். கோடு பச்சையாகவே இருந்தது. மருமகள் பதினேழைப் பதினைந்தாகக் குறைத்திருந்தது.

டயாலிசிஸ் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவள் வண்டியை எடுத்தாள்.

சுரங்கப்பாதைக்கு நூறடி முன்னால் வேனைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தி, எல்லா விளக்குகளையும் சிமிட்டவிட்டு, நீல மழைக்கோட்டோடு இறங்கி நின்றாள். முதலில் பைக்கில் வந்தவர் சொன்னதும் திரும்பிவிட்டார். ஒரு பால் வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார். மூன்றாவதாக வந்தது ஒரு கார். வேனுக்கும் நடைபாதைக்கும் நடுவே இருந்த சந்தில் மூக்கை நுழைத்தது. பின்சீட்டில் ஒரு சின்னப்பெண் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள்.

ஓட்டிவந்தவன் தலையை நீட்டினான். "என்னங்க, நடு ரோட்டுல வண்டியப் போட்டுட்டு? மேப்ல பச்சையா காட்டுதே, தெரியல? ஸ்கூலுக்கு ஏற்கெனவே லேட்டு, ஓரம் போங்க."

அவள் சரிவின் பக்கம் கையைக் காட்டினாள். அவன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். அவள் சந்துக்குள் நடந்துபோய்க் காருக்கு முன்னால் நின்று, ஈரமான இரண்டு உள்ளங்கைகளையும் பானட்டின் மேல் ஊன்றினாள். கார் ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. அவள் செருப்பு வழுக்கியது. பிறகு கார் நின்றது. எஞ்சின் அணைந்தது, ஹாரன் ஓய்ந்தது. அவன் கதவைத் திறந்து இறங்கி, சரிவின் பக்கம் நடந்துபோய், தண்ணீரின் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டான்.

அவள் அப்போதும் பானட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.