இன்னொரு கைக்கான உறை

மே மாத விடுமுறையில், பட்டப்பகலில், கரண்ட் இருந்தும் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்த குடும்பம் காரைக்கால் வட்டாரத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். காரணம் என் அத்தை, அப்பாவின் தங்கை. அவள் அப்போது கம்பளிக் கையுறை பின்னிக்கொண்டிருந்தாள். காற்றுப் பட்டால் பஞ்சு பறந்துவிடும் என்பதால், அவள் ஊசியைக் கையில் எடுத்ததுமே யாராவது எழுந்துபோய் விசிறியை நிறுத்த வேண்டும். அப்பா பேசாமல் நாளிதழை மடித்து விசிறிக்கொள்வார். அம்மா பேசிக்கொண்டே முந்தானையால் விசிறிக்கொள்வாள்.

“குரும்பகரத்துல கம்பளி பின்னுற வீடு எதுன்னு கேட்டா, நண்டு சிண்டுகூட நம்ம வீட்டக் காட்டும்” என்பாள் அம்மா.

அத்தை கோபித்துக்கொள்ள மாட்டாள். “இன்னும் ரெண்டே வரிசைதான் அண்ணி” என்பாள். அந்த இரண்டு வரிசை ஒரு மணி நேரம் ஓடும்.

கையுறை அவள் மகளுக்கு. மகள் பாரிசில் தன் அப்பாவோடு இருந்தாள். அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு; எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. அவர் வழியாக மகளுக்கும் கிடைத்துவிட்டது. அத்தைக்குத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. கல்யாணத்தைக் கோயிலில் மேளதாளத்தோடு நடத்தியவர்கள், பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றும் வேலையை மட்டும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டுவிட்டார்கள். மகளுக்கு ஆறு வயதானதும் படிப்புக்காக அப்பா அழைத்துக்கொண்டு போனார். பின்னாலேயே அத்தையும் போவதாக ஏற்பாடு. அவளுடைய ‘பேப்பர்’ வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஒன்பது வயது நடந்த அந்த வருடத்தில், பேப்பர் மூன்றாவது வருடமாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அது வரத்தான் செய்தது. ஆனால் அதற்கு இன்னும் ஆறு வருடம் பிடித்தது.

பாரிசுக் குளிரைப் பற்றி அத்தைக்குச் சொன்னது அவள் மகள்தான். ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் போன் வரும். ஒரு தடவை, பள்ளிக்கூடம் போகும்போது விரலெல்லாம் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். கடையில் கையுறை வாங்கிக் கொடுக்க அங்கே அவள் அப்பா இருந்தார், வாங்கியும் கொடுத்திருந்தார். அது அத்தைக்குப் போதவில்லை. என் அப்பாவின் செல்போனில் வீடியோ வீடியோவாகத் தேடி, கடுங்குளிர் நாட்டுக்காரர்கள் போடும் ஒரு வகைக் கையுறையைக் கண்டுபிடித்தாள். அதில் விரல்களுக்குத் தனித்தனி உறை கிடையாது. கட்டைவிரலுக்கு ஒரு பை, மற்ற நான்குக்கும் சேர்த்து ஒரு பை.

“நாலு வெரலும் ஒண்ணாக் கெடந்தா சோத்த எப்படிப் பெசையுறது?” என்று அம்மா கேட்டாள்.

“சோறு திங்க இல்ல அண்ணி. வெளியில போறப்ப போட்டுக்கறது.”

அந்தக் கையுறையின் சூட்சுமம் உள்பக்கத்தில் இருந்தது. நூலால் மட்டும் பின்னினால் போதாது. முறுக்கி நூலாக்காத கம்பளிப் பஞ்சைத் திரித்திரியாகப் பிய்த்து, விரல் நீளத்துக்கு மடித்து, நான்கு கண்ணிக்கு ஒரு கண்ணியில் நூலோடு சேர்த்துப் பின்ன வேண்டும். வெளியே பார்த்தால் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளிதான் தெரியும். திரியின் இரண்டு வாலும் உள்ளே தொங்கும். கையுறை முடியும்போது உள்பக்கம் முழுக்கப் பஞ்சாக இருக்கும். வீடியோவில் பேசிய பெண்ணின் இங்கிலீஷ் அத்தைக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் புள்ளிகள் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை இடம் மாறி வருவதைப் பார்த்ததும், “அட, இடைப்புள்ளிக் கோலம்” என்றாள். நோட்டுப் புத்தகத்தில் கோலம் போல் புள்ளி வைத்துக்கொண்டு அதைப் பார்த்துத்தான் பின்னினாள்.

நூலும் பஞ்சும் ஊசிகளும் கொண்டுவந்து கொடுத்தவர் பட்டினத்து மாமா. திருமலைராயன்பட்டினத்துக்காரர், அப்பாவோடு படித்தவர், பாரிசில் கடை வைத்திருந்தார். வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அந்த வியாழக்கிழமை அவர் திரும்பிப் போகிறார். அதற்குள் கையுறை முடிந்தாக வேண்டும். விட்டால் அடுத்த வருடம்தான்.

இதில் என் பங்கு என் கை. அத்தை மகளுக்கும் எனக்கும் பதினெட்டு நாள்தான் வித்தியாசம். அதனால் அவளுக்கு வேண்டிய அளவெல்லாம் என் கையில் எடுக்கப்பட்டது. ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கூப்பிடுவாள். வேர்வை ஒட்டாமல் இருக்கக் கையில் பவுடரைப் பூசி, முடியாத கையுறைக்குள் நுழைத்து, நீட்டச் சொல்வாள், மடக்கச் சொல்வாள். உள்ளே பஞ்சு கிச்சுக்கிச்சு மூட்டும். வெளியே எடுத்தால் கை அவித்த கிழங்கு மாதிரி இருக்கும். வேலை முடிந்த பிறகும் கையை உடனே விட மாட்டாள். நகத்தைப் பார்ப்பாள், ரேகையைப் பார்ப்பாள். “அவளுக்கும் இந்நேரம் இவ்வளவு இருக்கும்ல?” என்று என்னையே கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் பாண்டி ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள். எனக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் பொறாமையும் இருந்தது. என் கையில் அளவெடுத்து இன்னொருத்திக்குப் பின்னினால் யாருக்குத்தான் இருக்காது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு கையுறையும் முடிந்துவிட்டன. கருநீலத்தில் வெள்ளைப் புள்ளிகள். அத்தை அவற்றைக் கட்டில்மேல் ஜோடியாக வைத்துவிட்டு, கடைத்தெருவுக்குப் பருப்பு வாங்கப் போனாள். கையுறையோடு அனுப்பப் பருப்புப்பொடி இடிக்க வேண்டியிருந்தது.

இங்கே எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைக்குட்டையில் பூப்போட்டுக் கொண்டுபோனால் அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்பார். நூல் வால் தொங்கினால் மார்க் போச்சு. “பின்பக்கம் சுத்தமா இருந்தாத்தான் அது கைவேலை” என்பார். அந்த வருடம் எனக்குப் பத்துக்கு நாலு.

நான் வலது கையுறையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் பார்த்தேன். டீச்சர் பார்த்தால் மயக்கம் போட்டிருப்பார். அத்தனையும் வால். பாவம், அத்தைக்கு நேரமில்லை, கடைசியில் நறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரு வால் விடாமல், கண்ணியை ஒட்ட, சுத்தமாக நறுக்கினேன். என் ஆயுளில் அவ்வளவு பொறுமையாக எதையும் செய்ததில்லை. இரண்டு கைப்பிடி பஞ்சு சேர்ந்தது. அதைக் கொல்லையில் கொட்டினேன். கோழி கிளறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான், ஆனால் அப்போது என் கண்ணுக்குப் பிள்ளையாராகத்தான் தெரிந்தது.

இடது கையுறையையும் எடுத்தபோது அத்தை வந்துவிட்டாள்.

“அத்தை, பாருங்க, பின்பக்கம் எவ்வளவு சுத்தமா இருக்கு!”

அத்தை வாங்கி உள்ளே கையை விட்டாள். தேடுவதுபோல் துழாவினாள். முகம் வெளுத்துவிட்டது. அடிப்பாள் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகத்தான் சொன்னாள்.

“அந்தப் பஞ்சுதான்டி சூடு. மேல இருக்கறது வெறும் சட்டை.”

அம்மா ஓடிவந்து விஷயம் தெரிந்துகொண்டு என் முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு சமாதானமாக ஒரு யோசனையும் சொன்னாள். தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சை உள்ளே திணித்துவிட்டால் என்ன?

சாயங்காலம் போன் வந்தது. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், என்னைப் பற்றிக் கோள் மூட்டப் போகிறாள் என்று. அத்தை கொல்லைப்புறம் போய்த் துணிக்கொடிக்குக் கீழே நின்று பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. ஆனால் நடுவில் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். அத்தை போனில் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவள் போனை வைத்துவிட்டு மூக்கைச் சிந்துவதைத்தான் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தவள் என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனாள். அது எனக்கு அடியைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலையில் வலது கையுறையைப் பிரித்து, முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தாள். பஞ்சு மிச்சம் நிறைய இருந்தது. நானே போய் விசிறியை நிறுத்தினேன். கூப்பிடுவதற்கு முன்பே பவுடரைப் பூசிக்கொண்டு கையை நீட்டினேன். திரிகளைப் பிய்த்து வரிசையாக முறத்தில் அடுக்கிக் கொடுத்தேன். பாண்டி ஆடவே போகவில்லை. புதன்கிழமை விளக்கு வைக்கும் நேரத்துக்கு முடிந்துவிட்டது. என் கையில் மாட்டிப் பார்த்தாள். இம்மி பிசகாமல் பொருந்தியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது முதலில் பின்னியது என்று யாராலும் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பட்டினத்து மாமா காரில் வந்தார். பருப்புப்பொடி, வடகம், மாவடு, எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் கவரில் சுற்றிய கையுறை என்று அத்தை ஒரு பையில் அடுக்கி வைத்திருந்தாள்.

“வேற எதுவும் சொல்லணுமா தங்கச்சி?” என்று மாமா கேட்டார்.

“ஒண்ணும் இல்லண்ணே. எல்லாம் அவகிட்ட சொல்லிட்டேன்.”

கார் கிளம்பியது. நான் உள்ளே வந்து தண்ணீர் குடித்தேன். அத்தையின் அலமாரிக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. மூடப்போனால், மடித்து வைத்த பட்டுப்புடவைக்கு மேல் கருநீலமாக ஒன்று. வலது கையுறை.

எனக்கு உயிரே போய்விட்டது. இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் அத்தை மறந்துவிட்டாள். நான் கெடுத்தது, நான்தான் சரிசெய்ய வேண்டும். யாரையும் கூப்பிடவில்லை. எடுத்துக்கொண்டு ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. தெருவைத் தாண்டி, வாய்க்கால் கரையோடு, தார் உருகிக் கிடந்த ரோட்டில் ஓடினேன். மதகு மேல் ஒரு டிராக்டர் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மாமாவின் கார். அந்த டிராக்டர்காரருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

“மாமா! ஒண்ணு விட்டுப் போச்சு மாமா!”

மாமா கண்ணாடியை இறக்கினார். “அட அல்லாவே, இதுக்காவா இந்த வெயில்ல ஓடிவந்தே? குடு குடு. இன்ஷா அல்லா, ரெண்டையும் புள்ள கையிலயே குடுத்துடுறேன்.”

திரும்பி வரும்போது நான் நடக்கவில்லை, மிதந்தேன். வீட்டு வாசலிலிருந்தே கத்தினேன். “அத்தை, நீங்க மறந்து வச்சிட்ட கையுறைய நான் ஓடிப்போய்க் குடுத்துட்டேன்!”

அத்தை அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அம்மாதான் முதலில் பேசினாள். “நல்லவேளை! ஒத்தக் கையுறைய வச்சிக்கிட்டு அந்தப் புள்ள என்ன பண்ணும்? பரவாயில்லடி, செஞ்ச தப்புக்குப் பிராயச்சித்தம் பண்ணிட்ட.”

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “வெறுங்காலோடயா ஓடுன?” என்றாள். என்னை உட்கார வைத்தாள். குதிகாலில் நெருஞ்சி முள் ஏறியிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி, என் காலைத் தன் மடியில் வைத்து, குனிந்து, வெகுநேரம் அந்த முள்ளை எடுத்தாள். அவ்வளவு நேரம் எடுக்கிற முள் இல்லை அது. எடுத்து முடித்ததும் எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டாள். தரையில் கிடந்த மிச்சப் பஞ்சு எழும்பி வீடெல்லாம் பறந்தது. அவள் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அத்தை கொல்லைப்புறம் போகவில்லை. ஊறவைத்த உளுந்தைக் கழுவிக்கொண்டிருந்ததால், என்னைப் போனை எடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அத்தை மகளின் குரல் மெல்லியதாக, வேறு யாரோ மாதிரி வந்தது.

“அம்மா, மாமா வந்தாங்க.”

“கையுறைய மாட்டிப் பாத்தியா? சரியா இருக்கா?”



“ஒரு கைக்குத்தான் வரும், இன்னொண்ண நானே கொண்டாந்து போட்டு விடுறேன்னு சொன்னியே. ரெண்டும் வந்துடுச்சும்மா. அப்ப நீ வரலையா?”

அத்தை உளுந்தைக் கழுவுவதை நிறுத்தவில்லை. தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டிருந்தது. அவள் மறுபடி மாற்றி மறுபடி கழுவினாள்.

கையுறை வந்ததற்கும் அத்தை வராததற்கும் என்ன சம்பந்தம்? பாரிசில் படித்தும் இவளுக்குப் புத்தி இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பேரில் ஒருத்தியாவது நான் அந்த வெயிலில் ஓடிப்போய்க் கொடுத்ததைச் சொல்வாள் என்று, போனை அத்தையின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றேன்.