இரண்டு பக்க ஜன்னல்

நெஞ்சளவுத் தண்ணீரில் கொட்டாங்குச்சியைத் துரத்திக்கொண்டு போகிறாள் மணியம்மா. கை படக்கூடாது. உதட்டைக் குவித்து ஊத வேண்டும். இந்தப் படிக்கட்டிலிருந்து எதிர்ப் படிக்கட்டுவரை அது மிதந்து ஓட, பின்னாலேயே நடக்க வேண்டும். புத்தூர் ஏரிக்கு மாடு குளிப்பாட்ட வருகிறவர்கள் முதலில் இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

பதினெட்டு வருஷம் அரிசி மில்லில் தவிடு அள்ளி, நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவள். இப்போது ரயிலடியில் சீதாப்பழம் விற்கிறாள். விற்கிறாள் என்பது பேருக்குத்தான். வண்டி நிற்பது இரண்டே நிமிஷம். ஒரே மூச்சில் தமிழிலும் தெலுங்கிலும் கூவினால்தான் எல்லா ஜன்னலும் திரும்பும். இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்தே தமிழோடு மூச்சு தீர்ந்து, இருமல் வந்துவிடுகிறது. பாதி வண்டி அவளைப் பார்க்காமலே ரேணிகுண்டா போய்ச் சேருகிறது. இப்படியே போனால் கூடையைக் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான்.

திருப்பதி ஆஸ்பத்திரி நர்ஸ் மனோரமா சொல்லிக்கொடுத்த வித்தை இது. "தண்ணி நெஞ்ச அமுக்கும். அதுலயே நடந்துக்கினு மெள்ள ஊதும்மா. மூச்ச இழுக்கிறத விட ரெண்டு பங்கு நேரம் ஊதணும்." கொட்டாங்குச்சி மட்டும் மணியம்மாவின் சொந்தச் சரக்கு. "சும்மா ஊதிக்கினு இருந்தா சலிச்சிப் பூடுது. முன்னால ஒண்ணு ஓடுனாத்தான் தொரத்தத் தோணுது!"

கல்லுடைத்து மூச்சிரைப்பு வாங்கிக்கொண்ட நாகையாவும் இப்போது இவளோடு தண்ணீரில் நடக்கிறார். நடப்பதைவிடப் பேச்சுதான் அதிகம். "ஏம்மா, மாகாணத்தப் பிரிக்கிறாங்கோ, புத்தூரு ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கானு ஊரே அடிச்சிக்கினு கீது. நீ எந்தப் பக்கம்?"

அவள் கொட்டாங்குச்சியை ஊதித் தள்ளி முடித்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு ரெண்டு பக்க ஜன்னலும் வோணும்ணா."

நேற்று கொட்டாங்குச்சி எங்கும் நிற்காமல் எதிர்ப் படிக்கட்டைத் தொட்டது. இரண்டு மாதத்தில் முதல் தடவை! மணியம்மா தண்ணீரை வாரி இறைத்துக் கத்திய கத்தலில் மாடுகள் மிரண்டு கரையேறின. அவளுக்கு ராத்திரி தூக்கமே பிடிக்கவில்லை.

இன்று காலை ஈரத்தலையோடு ரயிலடியில் நிற்கிறாள். நாகையா வேலியோரம். அவருக்குத்தான் படபடப்பு அதிகம். வண்டி வந்து நின்றது.

"சீத்தாப்பழம்மோய்... சீதாபலாலண்டீ...!"

இருமல் வரவில்லை. கடைசிப் பெட்டிவரை தலைகள் எட்டிப் பார்த்தன. "இக்கட, இக்கட!" என்று தெலுங்கில் அழைத்தபடி ஒரு ஜன்னலிலிருந்து கை நீண்டது. நாகையா துண்டைத் தூக்கிச் சுழற்றினார்.

மணியம்மா ஓடினாள். கூடையின் மேலிருந்த பழத்தை எடுத்தவள், உதட்டைக் குவித்து அதன் மேல் இருந்த தூசியை நிதானமாக, நீளமாக ஊதிவிட்டு, ஜன்னலுக்குள் நீட்டினாள்.