டெஸ்ட்-2 யாருடையது?

1. முப்பத்தொரு கதவு

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை, ஒரு நாற்காலியும் கம்பெனியின் மொத்த கிளவுட் கணக்குக்கான அட்மின் உரிமையும் கொடுத்தார்கள். நாற்காலிக்குக் கை இல்லை. அட்மின் உரிமைக்கு எல்லை இல்லை.

அதற்கு முன் பதினான்கு வருடம் செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேபிள் இழுப்பது, சுவிட்ச் மாட்டுவது, ஷிஃப்ட் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வீடு திரும்புவது. சொந்த ஊரான ஆரணியிலேயே ஒரு கிளவுட் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் விண்ணப்பித்துவிட்டேன்.

கம்பெனியின் வேலை இதுதான். பட்டுச் சேலைக்கு டிசைன் வரைந்து, தறிக்கு மேலே இருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிக்கு இன்டர்நெட் வழியாக அனுப்புவது. பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். டிசைன் வந்து இறங்கியதும் பெட்டி அதற்கேற்ற இழைகளைத் தூக்கிக் கொடுக்கும். நெசவாளர் ஊடு போட்டு நெய்வார்.

கணக்கைத் திறந்து பார்த்தேன். முப்பத்தொரு ப்ராஜெக்ட், தனித்தனி அறைகள் மாதிரி. ஒவ்வொரு டீமும் தனக்கு வேண்டும்போது ஒன்றை உருவாக்கி, கூடவே தானாக வரும் 'டிஃபால்ட்' நெட்வொர்க்கை அப்படியே விட்டிருந்தார்கள். முப்பத்தொன்றிலும் ஒரே முகவரி வரிசை. அதனால் ஒன்றை இன்னொன்றோடு இணைக்கவே முடியாது. அதைவிட மோசம், ஃபயர்வாலில் 0.0.0.0/0 என்று போட்டிருந்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து கதவைத் தட்டலாம் என்று அர்த்தம்.

ஒரு சர்வருக்கு யார் வந்து போகிறார்கள் என்று பதிவாகும் லாகைத் திறந்தேன். எங்கிருந்தோ யாரோ நொடிக்கு நொடி பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். admin, root, test, மறுபடி admin. எனக்குப் பயத்தைவிடப் பரபரப்புதான் அதிகமாக இருந்தது. பக்கத்து மேசையில் இருந்த பிரகாஷைக் கூப்பிட்டுக் காட்டினேன். டெவலப்பர்களுக்கு அவர்தான் தலைவர்.

"அது எப்பவும் வந்துகினுதான் இருக்கும் மேடம். நாங்க அதைப் பாக்கறதே இல்ல" என்றார்.

2. "நிக்காது சார்"

மூன்று வாரத்தில் திட்டம் தயாரானது. எல்லா ப்ராஜெக்டுக்கும் பொதுவாக ஒரே நெட்வொர்க், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முகவரி வரிசை. இனி டிஃபால்ட் நெட்வொர்க் யாருக்கும் கிடையாது. முக்கியமாக, நிறுவனத்தின் உச்சியில் ஒரு ஃபயர்வால் ரூல்: வெளி இன்டர்நெட்டிலிருந்து யாரும் நேராக உள்ளே வரக் கூடாது. மேலே 'கூடாது' என்று போட்டால் கீழே எந்த ப்ராஜெக்டாலும் அதை மாற்ற முடியாது.

எம்.டி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இதனால ஒரு தறியாவது நிக்குமாம்மா?"

"நிக்காது சார்."

அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது. ஒவ்வொரு ப்ராஜெக்டும் யாருடையது என்று விசாரித்துப் பட்டியல் எழுதியிருந்தேன். முப்பதுக்கு ஆள் கிடைத்தது. அவற்றில் இருந்ததைப் புது நெட்வொர்க்குக்கு மாற்றி, தறிகள் வி.பி.என். என்ற பூட்டிய தனிப்பாதை வழியாக வரும்படியும் செய்தாகிவிட்டது. 'டெஸ்ட்-2' என்ற ஒன்றுக்கு மட்டும் ஆள் இல்லை. அதை உருவாக்கிய எஞ்சினியர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருடைய பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை.

"பேர்லயே டெஸ்ட்னு கீதே மேடம். இன்னா ஆவப் போவுது?" என்றார் பிரகாஷ்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. டெஸ்ட்-2-க்கு யார் வந்து போகிறார்கள் என்று ஒரு வாரம் லாக் எடுத்துப் பார்த்திருந்தால் போதும். நான் எடுக்கவில்லை. ரூலைப் போட்டுப் பார்க்கும் அவசரம் எனக்கு.

3. செவ்வாய்க்கிழமை காலை

பத்து இருபதுக்கு ரூலை ஏற்றினேன். லாகில் ஓடிக்கொண்டிருந்த அந்த admin, root வரிசை சட்டென்று நின்றது. மழை நின்றதும் தகரக் கூரை அமைதியாகுமே, அப்படி. நான் கைதட்டிவிட்டேன். டெவலப்பர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பத்து ஐம்பதுக்கு சப்போர்ட் நம்பருக்கு ஒரு போன் வந்தது. படவேட்டிலிருந்து செல்வி என்ற நெசவாளர்.

"மேடம், சேலை உடம்பு நெய்ஞ்சி முட்ச்சிட்டேன். முந்தானை டிசைன் வரமாட்டேங்குது. பெட்டியில செவப்பு லைட்டு எரிஞ்சிகினு கீது. நாளைக்கு சாயங்காலம் பொண்ணு வீட்டுக்காரங்க வராங்க, முகூர்த்தச் சேலை மேடம். முந்தானைக்கே எனக்கு ஒரு முழு நாள் ஆவும்."

படவேட்டில் எங்களுக்குத் தறி இருப்பதே எங்கள் பட்டியலில் இல்லை. பெட்டி எந்த முகவரியைத் தேடுகிறது என்று அதன் திரையைப் பார்த்துப் படிக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொரு எண்ணாகப் படிக்கப் படிக்க நான் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். டெஸ்ட்-2.

போய்விட்ட அந்த எஞ்சினியர், புதுப் பெட்டியைப் பரிசோதிக்க அங்கே ஒன்பது தறிகளை அதில் இணைத்திருக்கிறார். பரிசோதனை முடிந்தும் தறிகள் அதிலேயே ஓடிக்கொண்டிருந்தன. சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். அவர் ஏற்றிவிட்டுப் போன டிசைன்கள் பாஸ்வேர்டு எதுவுமே இல்லாமல் கிடந்தன. முகவரி தெரிந்த யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

எம்.டி. என் மேசைக்கே வந்துவிட்டார்.

"ரூலை எடுத்துடும்மா. ரெண்டு வருஷமா தொறந்துதானே கெடந்துது? இன்னும் ரெண்டு நாள் கெடந்தா இன்னா?"

"அப்ப நமக்குத் தெரியாது சார். இப்ப தெரியுது. அந்தத் தறிங்களுக்கு மட்டும் தொறக்கலாம்னா, சிம் கார்டு முகவரி மாறிகினே இருக்கும், முடியாது. தொறந்தா எல்லாருக்கும்தான் தொறக்கணும்."

"அந்தம்மா சேலை?"

"மத்தியானம் ஒரு மணி வரைக்கும் டைம் குடுங்க. முடியலன்னா நானே எடுத்துடறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஜல்தி" என்றார்.

பிரகாஷ் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டெஸ்ட்-2-இல் இருந்த டிசைன்களைப் பொது நெட்வொர்க்கின் சர்வருக்கு நகல் எடுக்க ஆரம்பித்திருந்தார். நான் சொல்லவே இல்லை. அலமாரியிலிருந்த ஒரு சின்ன ரௌட்டரில் எங்கள் வி.பி.என். அமைப்பை ஏற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். படவேட்டுக்கு பஸ்ஸை நம்பினால் முந்தானை நாளை மறுநாள்தான். ஸ்கூட்டியை எடுத்தேன்.

4. கம்பத்தில் எழுதிய நம்பர்

செல்வி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். தெருவில் தறி வைத்திருக்கும் மற்ற பெண்களும் கூடியிருந்தார்கள்.

"நீங்கதான் பூட்டு போட்டவங்களா?"

"நான்தாங்க."

"போட்டவங்களே வந்துட்டீங்க. சரி, உள்ள வாங்க."

தறியில் அரக்கு நிறச் சேலை பாதியில் நின்றது. உடம்பு முடிந்த இடத்தில் ஊடு நின்றுபோய், அதற்கப்பால் நெய்யாத பாவு நீண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் நிறுத்தியது என்ன என்று எனக்குப் புரிந்தது.

ரௌட்டரை ஜன்னல் ஓரம் வைத்தால் சிக்னல் வரவில்லை. ஒரு பெண் அதை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். "இங்கயா? இங்கயா?" என்று கேட்டுக்கொண்டே போனார். நான்காவது இடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. வி.பி.என். ஆபீஸோடு பேசியது. பாதி வேலை முடிந்தது.

அடுத்து பெட்டியை சிம்மிலிருந்து ரௌட்டரின் வைஃபைக்கு மாற்றி, அதற்குள் சர்வர் முகவரியையும் மாற்ற வேண்டும். மெனுவைத் திறந்தால் பின் நம்பர் கேட்டது. பிரகாஷுக்கு போன் போட்டேன்.

"அந்த பின் பழைய எஞ்சினியருக்கு மட்டும்தான் தெரியும் மேடம். பேஜாராப் பூட்ச்சே!"

மணி பன்னிரண்டு இருபத்தைந்து. மூன்று தடவை தப்பாகப் போட்டால் பெட்டி பூட்டிக்கொள்ளும். திரையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"இன்னா நம்பர் கேக்குது?" என்றார் செல்வி.

"நாலு நம்பர் பின்னுங்க. பழைய சார்தான் வெச்சிருக்காரு."

"அதுவா? அவரு ஒவ்வொரு வாட்டி வர சொல்லவும் மறந்துடுவாரு. நான்தான் எழுதி வெச்சிகினேன்." தறிக் கம்பத்தைக் காட்டினார். கண் உயரத்தில் சாக்பீஸால் நான்கு எண்கள். அழியாமல் இருக்க மேலே டேப் வேறு ஒட்டியிருந்தது.

பாதுகாப்பு வேலை பார்க்கிறவள் நான். கடவு எண்ணை ஊரே பார்க்கும்படி எழுதி வைப்பதைக் கண்டால் திட்ட வேண்டும். அன்றைக்கு அந்தக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

முகவரியை மாற்றினேன். சிவப்பு விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரம் எந்த விளக்கும் இல்லை. பிறகு பச்சை. திரையில் டிசைன் இறங்கும் கோடு மெல்ல நகர்ந்து முடிந்தது. செல்வி தறியில் உட்கார்ந்து மிதியை அழுத்தினார். மேலே பெட்டி கடகடத்தது. இழைகள் தூக்கிக்கொண்டன. ஊடு இழையைச் சுமந்துகொண்டு நாடா ஓடியது. ஒரு ஊடு, இரண்டு ஊடு, பத்து ஊடு. முந்தானையின் முதல் ஜரிகைக் கோடு தெரிந்தது.

நான் கத்தியேவிட்டேன். போனில் பிரகாஷ் என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். மணி பன்னிரண்டு நாற்பத்திரண்டு.

அதே வைஃபை எட்டும் தூரத்தில் இருந்த மற்ற எட்டுத் தறிகளையும் மாற்ற மூன்று மணியாகிவிட்டது. செல்வி வீட்டில்தான் சாப்பாடு. கிளம்பும்போது அவர் தறியை நிறுத்தாமலே சொன்னார்:

"பூட்டுங்க மேடம், வேணாங்கல. அடுத்த வாட்டி பூட்டறதுக்கு முன்ன ஒரு போன் பண்ணிட்டு பூட்டுங்க."

மறுநாள் சாயங்காலம் போன் செய்து, பெண் வீட்டார் சேலையை வாங்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்.

5. அதன் பிறகு

டெஸ்ட்-2-ஐ நானே அழித்தேன். பின் நம்பர்களையும் மாற்றினேன். ஆபீஸில் சில பழக்கங்களும் மாறின. பொறுப்பாளர் பெயரும் போன் நம்பரும் இல்லாமல் இன்று ஒரு ப்ராஜெக்டைக்கூட உருவாக்க முடியாது. எந்தத் தடையானாலும் முதலில் ஒரு வாரம் தடுக்காமல் லாக் மட்டும் எடுப்போம். அதில் வரும் ஒவ்வொரு முகவரிக்கும் ஆளைக் கண்டுபிடித்த பிறகுதான் தடுப்போம். புது இணைப்போ விதிவிலக்கோ வேண்டுமானால் ஃபார்ம் போட வேண்டும்; விதிவிலக்கு என்றால் முடியும் தேதியோடுதான் கொடுப்போம்.

இரண்டு மாதம் கழித்து பிரகாஷ் அவசரத்தில் ஒரு டிஃபால்ட் நெட்வொர்க்கைப் போடப் பார்த்திருக்கிறார். சிஸ்டம் மறுத்துவிட்டது.

"மேடம், உங்க ரூலு என்னையே உள்ள உடமாட்டேங்குது!"

"ஃபார்ம் போடுங்க பிரகாஷ்."

"நானுமா?"

"எம்.டி.யும்தான்."

அந்த ஃபார்மை எங்கள் ஆட்கள் ஒழுங்காக நிரப்பியதே இல்லை. 'காரணம்' என்ற இடத்தில் 'அர்ஜென்ட்' என்று எழுதுவார்கள். எல்லாக் கட்டமும் நிரம்பி வந்த முதல் ஃபார்ம் படவேட்டிலிருந்து வந்தது. பத்தாவது தறியை இணைக்க வேண்டும், பொறுப்பாளர் செல்வி, காரணம்: 'தங்கச்சி புதுசா தறி போட்டிருக்கு.' அதைப் பிரிண்ட் எடுத்து பிரகாஷ் மேசையில் வைத்தேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ரூல் போடத் தயங்காதீர்கள். போட்ட ரூலைப் பயந்துபோய் எடுத்தும் விடாதீர்கள். ஆனால் திரையில் ஒரு முகவரி தெரிந்தால் அதன் மறுமுனையில் யாரோ உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அவர் பெயரைத் தெரிந்துகொண்ட பிறகு என்டர் தட்டுங்கள்.